நாலு ரோட்டுப் பந்தல்

786
கடலூர்
3-3-1964

பினாங்கிலிருக்கும் அன்பு மகள் மலிகாவுக்கு அத்தா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

உன் காயிதம் வந்துச்சு. அம்மா லாரியில அடிபட்டு மவுத்தான நாலு ரோட்டுலயே போயி எதுக்கு அத்தா தினமும் நிக்கிறீங்க, வேற யாரயாவது அனுப்பச் சொல்லக் கூடாதான்னு கேட்டிருந்தே. எங்க ஹைவேஸ் ஆபீஸ்ல கலியமூர்த்தி ஓவர்சியரும் அதயேதான் சொன்னாரு, நீங்க வேணாம் சார், நான் பாத்துக்கிறேன்னு. எனக்கு எங்க நின்னாலும் ஒண்ணாத்தான் இருக்கு, அதனால நானே போனேன். சிதம்பரம் ரோடும் ஆலை ரோடும் வெட்டிக்கிற எடத்துல விபத்து ஜாஸ்தியாயிடுச்சு, சிக்னல் லைட்டு போடலாமா, போலீஸ்காரர நிறுத்தலாமா, ரவுண்டானா கட்டலாமான்னு பாத்து ரிப்போர்ட் குடுன்னு மேலேருந்து உத்தரவு. உன் சைதுன் அத்தைக்குத்தான் கோவம். உனக்கு இன்னும் நாப்பது வயசு கூட ஆவல, இப்பிடி வெயில்ல கருத்துப் போனா எவன் பொண்ணு குடுப்பான்னு திட்டிக்கிட்டே கொழம்பு குடுத்துட்டுப் போவுது.

மொதல்ல போலீஸ்காரர நிறுத்திப் பாத்தேன். பஸ்ஸு நிக்குது, லாரி நிக்குது, கரும்பு வண்டி நிக்கல. இப்ப வெட்டு காலம், வண்டிங்க வரிசையா ஆலைக்குப் போவும். முன் வண்டிக்குப் பின்னால அடுத்த வண்டி மாட்டுக் கயித்தக் கட்டிவிட்டுட்டு பின்னால உள்ளவங்க படுத்துத் தூங்கிடுவாங்க. போலீஸ்காரர் கையக் காட்டுனப்ப மொத வண்டிய ஓட்டி வந்த மேல்பட்டாம்பாக்கம் உத்திராபதி, ஐயா நான் நிக்கிறேன், பின்னால வர்ற மாட்டுக்கு நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்கன்னாரு. நிறுத்துனா வரிசை மொத்தமும் ரோட்டு நடுவுல நின்னு நாலு பக்கமும் அடைச்சிக்குது. செவப்பு லைட்டு போட்டாலும் இதே கததான், கரெண்டும் போயிப் போயி வருது. அப்பறம் தார் ட்ரம்முங்கள நடுவுல வட்டமா அடுக்கிப் பாத்தேன். வரிசை அறுவாம சுத்திக்கிட்டுப் போச்சு, மத்த வண்டியும் வேகம் கொறைஞ்சுதான் வந்துச்சு. ரவுண்டானாதான் சரி. ஆனா அதுக்கு ஒரு மூலைய எடுக்கணும். அந்த மூலைலதான் உன் வதூது மாமாவோட டீக்கடை.

அது மட்டும் இல்ல. கடைக்கு முன்னால மாமா எறக்கியிருந்த கீத்துப் பந்தல் உனக்குத் தெரியும், பஸ்ஸுக்கு நிக்கிற சனமெல்லாம் அதுலதான் ஒதுங்கும். அன்னிக்கு அம்மா மாமாவுக்கு சோறு குடுத்துட்டு ரோட்டுல எறங்குன எடத்துல நின்னு பாத்தேன். தெக்கேருந்து வர்ற லாரி பந்தலத் தாண்டுற வரைக்கும் தெரியல. கலியமூர்த்திய நிக்க வெச்சேன், அவருக்கும் தெரியல. மாமா தினமும் எனக்கு டீ கொண்டாந்து குடுத்துட்டு, லைட்டே கேளு மச்சான், எந்தங்கச்சி ஜொஹரா பேருல ஒண்ணு எரியட்டும், நமக்கும் ராவுல யாவாரம் ஆவும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. எடம் வேணும்னு மட்டும் எழுதுங்க சார், பந்தல் பேச்சு எதுக்குன்னாரு கலியமூர்த்தி. ரவுண்டானாவுக்கு உத்தரவாகி வர வருஷமாவும், அதுவரைக்கும் அங்க ஆளுங்க எறங்கிக்கிட்டுத்தான் இருப்பாங்க. பந்தல மொதல்ல பிரிக்கணும், பார்வைய மறைக்குதுன்னு எழுதிட்டேன். நோட்டீஸப் பாத்து மாமா தெரிஞ்சிக்க வேணாம்னு நானே போயி சொன்னேன், எந்த எடத்துலேருந்து மறைக்குதுன்னும் காட்டுனேன். கேட்டுக்கிட்டே கிளாஸக் கழுவுனாரு. டீயக் குடி மச்சான், ஆறிடும்னாரு, அவ்வளவுதான்.

மறுநாள் போனா பந்தல் இல்ல. அவரே பிரிச்சிப் போட்டுட்டு, அம்மா எறங்குன எடத்துல வெயில்ல நின்னு தெக்கே பாத்துக்கிட்டிருந்தாரு. தூரத்துல ஒரு லாரி வந்துச்சு. இப்பத் தெரியுது மச்சான்னாரு. ஆமான்னேன். அன்னையிலேருந்து கடை தொறக்கல, சரியா சாப்புடுறதும் இல்லன்னு மாமி சொல்றாங்க.

மாப்பிள்ளைக்கு சலாம் சொல்லு. ரெண்டு பேருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரணும். எனக்குப் பதில் மெதுவாப் போடலாம், மாமாவுக்கு ஒடனே எழுது. அவரு பந்தல் போட்டது நெழலுக்குத்தான்னு எழுது. நான் சொன்னா அளந்து பாத்தவன் சொல்றதா ஆயிடும். நீ ஜொஹரா மக, நீ சொன்னா கேப்பாரு.

உன் சுகம் வேண்டும் அத்தா,
ஹா. ரஃபியுதீன்