நீ கட்டிய மதிலும் நீ போட்ட கணக்கும்

கருங்குழி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அருமை மகள் ஜாய்ஸுக்கு, உன் சித்தப்பன் ஞானதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் எல்லாரும் நலம், எதிர்வீட்டு வரலட்சுமி மட்டும் நலமில்லை, அதற்குக் காரணம் நீ. நார்வேயில் நீயும் உன் பனியும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், நான் நம்பாவிட்டாலும் நீ சுகமாய்த்தான் இருப்பாய். உன்னைக் கண்டித்து ஒரு வரி எழுத உன்னைப் பெற்ற என் அண்ணன் ஆல்வினுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது, அதனால் தகப்பன் வேலையையும் நானே சேர்த்துப் பார்க்கிறேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டதால் இதைப் பேப்பரில் எழுதி, உன் சித்தி சாராள் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவளையும் பிளாக் பண்ணினால் புறா வளர்ப்பேன்.

போன மழைக்கு முந்தி ஒரு வீடியோ அனுப்பினாயே, நம் தெருவைச் சின்னச் சின்னக் கட்டமாய்ப் பிரித்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நீலநீலமாய்ப் பாயவிட்டு. நீ அங்கே ஆராய்ச்சி பண்ணுகிற, சூரியனுக்குள் கொதிக்கிற பிளாஸ்மாவும் நம் தெருத் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே குடும்பத்துச் சமன்பாட்டுக்குத்தான் அடங்கும் என்றும் சொன்னாய். சூரியனையே கயிறு கட்டி மேய்க்கிறவளுக்குக் கருங்குழி ஓடை எம்மாத்திரம் என்று மார்தட்டிக்கொண்டு, ஜிஎஸ்டி ரோடு டீக்கடையிலிருந்து மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அந்த வீடியோவைக் காட்டாத மனிதன் இல்லை, இரண்டு நாய்களும் பார்த்தன. வரலட்சுமி அன்றைக்கே தன் தையல் மிஷின்களைப் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏற்ற ஆட்டோ கூட்டிவந்தாள். அக்கா, எங்க ஜாய்ஸ் படத்துல உன் வூடு வெள்ளையா கீது, கணுக்கால்கூட நனையாது, இன்னாத்துக்கு இடுப்பை ஒடிச்சிக்கிறன்னு சொல்லி, உன் பேரால் அந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

தண்ணீர் உன் நீலம் மாதிரியே வந்தது, கடைசித் திருப்பம் வரைக்கும். அங்கேதான் கூத்து. நம் வீட்டை ஒட்டின காலிமனை வழியாக ஓடைக்குப் போக வேண்டியது, அந்த மனைக்குக் குறுக்கே நாம் கட்டின மதிலில் முட்டித் திரும்பி நேரே வரலட்சுமி வீட்டுக்குள் நுழைந்து இடுப்பளவு நின்றது. உன் படத்தில் மதில் இல்லை. சாட்டிலைட் எடுத்த படம் பழசாம். சரி, வானத்தில் சுற்றுகிற தகரத்துக்குத் தெரியாது, உனக்குத் தெரியாதா? ஈஸ்டருக்கு அந்த மதிலை எழுப்பச் சொன்னதே நீ. வீடியோ காலில் கொத்தனாரை வெயிலில் நிற்கவைத்து, இந்தப் பச்சை கண்ணைக் குத்துது, வேற பச்சை அடிங்கன்னு சொன்னதும் நீ. பெயிண்டைப் பார்த்த கண்ணுக்கு மதில் தெரியவில்லையா?

இதைக் கேட்டதற்கு நீ என்ன பதில் போட்டாய், மாடல் சரிதான் சித்தப்பா, இன்புட்தான் பழசு என்றாய். அடி மகாராணி, மிஷினைக் கவிழ்த்துப்போட்டுச் சேற்றை வடியவிட்டுக்கொண்டிருக்கிறவளிடம் போய் இந்த வேதவாக்கியத்தை வாசிக்கட்டுமா? அதற்குப் பிறகு நான் திட்டினது கொஞ்சம் அதிகம்தான், வங்காள விரிகுடாவே காதைப் பொத்தியிருக்கும், ஆனால் ஒரு சொல்லையும் வாபஸ் வாங்கமாட்டேன்.

நம் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, அதுதான் வினை. உன் அப்பனுக்கு இப்போது தலை மேகத்தில் இடிக்கிறது. பேரூராட்சி ஆள் வந்து மதிலில் ஒரு வழி விடுங்கள் என்று நயமாய்த்தான் கேட்டார், உன் அப்பன் என்ன சொன்னான் தெரியுமா, எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டா, அவ சொன்னா ஒடைக்கிறேன், நீ யாருய்யா சொல்றதுக்குன்னு. வரலட்சுமி வாசலில் நின்றபடியே, அண்ணாத்த, உன் பொண்ணு படத்துல நான் பொழைச்சிக்கினேன், வூட்டுலதான் முழுகிட்டேன் என்றாள். தெருவே சிரித்தது, அப்படி ஒரு சிரிப்பை எனக்கு எதிரில் யாரும் சிரித்ததில்லை. அதற்கப்புறம் நம் வீட்டோடு யாரும் பேசுவதில்லை. சாராள் முழங்கால் வலியோடு போய் அவளுக்குக் கஞ்சி கொடுத்தாள், வரலட்சுமி சட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.

கடலில் அடுத்த புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, வியாழன் வாக்கில் கரை தொடும் என்கிறார்கள். ஏரி இப்போதே தளும்புகிறது. அதற்குள் நீ உன் அப்பனைக் கூப்பிட்டு, மதிலை உடைங்கப்பா என்று உன் வாயால் சொல். கடப்பாரை வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் அண்ணன் நடுவில் வந்து நிற்பான், அவனைத் தாண்டி என்னால் இடிக்க முடியாது, நீ ஒருத்தி தாண்டலாம்.

குளிரில் காதை மூடிக்கொள், காப்பியையே சாப்பாடாக ஆக்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக, உன் தலைக்கனத்தை மட்டும் காக்க வேண்டாம்.

ஒன்று மறக்காதே. மதிலை உடைத்தால் தண்ணீர் நம் வீட்டுக்குள் வருமா என்று இந்த முறை ஒழுங்காய்க் கணக்குப் போட்டுப் பார். வரும் என்று வந்தாலும் உடைக்கத்தான் சொல்ல வேண்டும். கட்டிலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன்மேல் தீராக் கோபத்தோடு,
சித்தப்பன் ஞானதாஸ்