மேனேஜரோட மீசையும் என் மூச்சும்

உக்காந்தேன்டி, உக்காந்தேன். தினமும் தியானம் பண்றீங்களான்னு மெசேஜ் மேல மெசேஜா போட்டு உசுரை எடுக்கிறியே, அதுக்குத்தான் இந்தப் பதில். போன்ல பேசினா நீ பேச்சை மாத்திடுவ, அதான் எழுதுறேன். வாலு, நீ நல்லா இருக்கியா, நேரத்துக்குத் தூங்குறியா? இங்க நான், உங்கம்மா, தம்பி எல்லாரும் சௌக்கியம், பேங்க் மேனேஜரோட மீசையைத் தவிர.

அதைத்தான் உங்கம்மா ஒண்ணுக்குப் பத்தா உன்கிட்ட சொல்லிட்டாளே. ஷேவிங் மட்டும் போதும்னு நம்ம சலூன்ல உக்காந்த மனுஷனுக்கு மீசையில ஒரு பக்கத்தை வழிச்சுட்டேன், அப்புறம் இன்னொரு பக்கத்தை வச்சு என்ன பண்றது, அதையும் எடுத்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துட்டு யாருப்பா இதுன்னார். உடனே நீ, அப்பா உங்க மனசு அலையுது, மூச்சைக் கவனிங்க, எங்க லேப்ல தியானம் பண்றவங்க மூளையை ஸ்கேன் பண்ணினா சும்மா இருக்கும்போது கண்டதையும் யோசிக்கிற பகுதி அடங்கியிருக்குன்னு பாடம் எடுத்துட்ட. சரி, காலேஜைப் பாதியில விட்டவனுக்குப் பொண்ணு பாடம் எடுக்கிறாளேன்னு கேட்டுக்கிட்டேன். காலையில கடையைத் திறந்ததும் அந்தச் சுழல் நாற்காலியிலயே கண்ணை மூடி உக்காந்தா, பக்கத்துக் கடை டெய்லர் எட்டிப் பார்த்து, என்னய்யா இன்னிக்கு நீயே உனக்கு வெட்டிக்கப் போறியாங்கிறான். எனக்கு ஒரு இடத்துல நிக்கவே வராதுன்னு உனக்குத் தெரியாதா? மூச்சு உள்ள போகுது, வெளிய வருது, அடுத்த மூச்சுக்குள்ள ஆளு எங்கயோ போயிடுறேன். அலைஞ்சா திட்டாதீங்க, எங்க போச்சுன்னு பார்த்து ஒரு பேர் வச்சுட்டுத் திரும்பி வாங்கன்னியே, வச்சேன். கத்தரின்னு ஒரு தடவை, தம்பியோட பரீட்சைன்னு ஒரு தடவை. மிச்சத்துக்கெல்லாம் ஒரே பேர்தான். மீசை போன அன்னிக்கு நான் கடைக்குக் கிளம்புறப்போ போன்ல போற போக்குல சொன்னியே, ஆராய்ச்சியை விட்டுட்டு வந்துடலாம்னு இருக்குப்பான்னு, அதுதான். அதை யோசிச்சுக்கிட்டேதான் மேனேஜர் முகத்துல கத்தி வச்சேன். அதுக்கப்புறம் நான் அதைப் பத்திக் கேட்க வாயெடுத்தாலே நீ என் மூளைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிற.

இப்ப சொல்லு, இருக்கியா, விடுறியா? நானே விட்டவன், விடாதேன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. பிடிக்கலன்னா பெட்டியைக் கட்டிட்டு வா, உன் ரூமுல தம்பி சைக்கிளைத்தான் நிறுத்தியிருக்கான், எடுக்கச் சொல்றேன். ஆனா எல்லார் முன்னாடியும் உன் ஆராய்ச்சி கைடு திட்டிட்டார்னு உங்கம்மாகிட்ட அழுதியாமே, அதுக்காக மட்டும் ஓடி வராதே, அப்படி வந்தா இங்க உக்காந்துக்கிட்டு மனசு அங்கயேதான் சுத்தும், அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேணாம். ஒரே ஒரு வரி பதில் போடு, அது வர்ற வரைக்கும் என்னைக் கண்ணை மூடச் சொல்லாதே. நல்லா இரு கண்ணு, எதுவும் உன்னைக் கலங்கடிக்காம இருக்கணும். ஐயோ, மேனேஜர் வந்துட்டார், பாதி முளைச்ச மீசையைக் கையால பொத்திக்கிட்டே உக்கார்றார், நான் போகணும்.

உங்கப்பன்