அப்பாவின் ஸ்லைடு

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். மூன்று மாதமாகத் தெரியும். உன் பரீட்சை முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் லீவு போட்டு வீட்டில்தான் இருக்கிறேன், போனில் சொல்லலாம் என்றால் எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் அவர் தூங்கும்போது எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

தெரிந்த விதத்தை நினைத்தாலே வயிறு எரிகிறது. எங்கேயோ லிப்ட் ரிப்பேர் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உன் அப்பா ஒரு கிளினிக்கில் சோதனைக்குப் போயிருக்கிறார், அந்த மனுஷனுக்கு எல்லாமே ரகசியம். அங்கே எடுத்த சதைத் துணுக்கு எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியாது. என் மேசைக்குப் பெயர் வராது, எண்தான் வரும். வழக்கம்போல மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றினேன். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கிழிசல் இல்லை. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருடி, இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்று பீற்றிக்கொண்டேன். டாக்டர் பார்த்தார், படிவத்தைப் புரட்டிப் பெயரைப் படித்தார், "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றார். இந்த நாக்கு அழுகிப் போகாதா என்றிருந்தது.

அப்பா சும்மா இருப்பாரா, ஏன் வந்தது, எப்படி வந்தது என்று துளைத்தெடுத்தார். தெரிந்ததைச் சொன்னேன். குடலின் உள்பக்கத்துச் செல்கள் நாலைந்து நாளில் தாமாகவே செத்து உதிரும். ஒரு செல் சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போனாலும் தன்னை முடித்துக்கொள்ள அதற்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. சுருங்கி, துண்டு துண்டாகப் பிரியும். அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும், வீக்கம்கூட இருக்காது. அந்த ஏற்பாடு பழுதானால் கெட்ட செல் சாகாமல் பெருகிக்கொண்டே போகும், மருந்து கொடுப்பதே அதைச் சாகவைக்கத்தான் என்றேன். "சாக மாட்டேன்னு அடம் பிடிக்கிறது அது, சாகப்போறது நானா? நல்ல நியாயம்டி" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நேற்று அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாலு சுற்று மருந்துக்கும் அது மசியவில்லையாம், கல்லீரலுக்கும் போய்விட்டதாம். இனி வாரக் கணக்குதான் என்றார். உன் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம். அப்பா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, "அதுவரைக்கும் தாங்கிடுவேன்" என்கிறார். தாங்க மாட்டார் குட்டி. அவரைக் குளிப்பாட்டுகிற எனக்குத் தெரியும்.

பரீட்சை அடுத்த வருடமும் வரும். கையில் கிடைத்த துணியை எடுத்துக்கொண்டு கிளம்பு, பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வந்தால் அம்மா எழுதினாள் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே. உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சுப்பா, அதான் வந்துட்டேன் என்று சொல்.

சத்தியம் மீறிய
உன் அம்மா