உன் கைத்தோலுக்குள் இருந்த படங்கள்

என் கஜன் அண்ணா,

உன் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். என் கைக்குள் வைக்கவென்று நாம் செய்த இரண்டாவது கருவி உன் மேசையில் அப்படியே கிடக்கிறது. உன் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் அதைத் தொட முடியவில்லை. நீ அங்கேதான் கிடந்தாய். ஆனாலும் சொல்கிறேன்.

உனக்கு வேட்டி உடுத்த வந்த சிங்களப் பெரியவர் அம்மாவிடம் கேட்டார்: "மகன்ட உடம்பில பேட்டரி சாமான் ஏதும் இருக்கா? நெருப்பில வெடிக்கும்." அம்மா இல்லையென்று தலையாட்டினார். அதற்குள் பெரியவரின் விரல் உன் இடது கையில் புடைத்திருந்த மேட்டில் நின்றுவிட்டது.

"இது என்ன நங்கி?" என்று என்னைத் தங்கச்சியாக்கிக் கேட்டார். "வெட்டித்தான் எடுக்க வேணும்."

"என்ர பிள்ளையை ஒருத்தரும் வெட்டக்கூடாது!" அம்மாவின் குரலில் வெளியே இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள்.

அப்போதுதான் அம்மாவுக்குச் சொன்னேன். எண்பத்துமூன்று கலவரத்தில், கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோன குடும்பப் படங்களை, வெளிநாட்டுச் சொந்தங்களிடம் மிஞ்சியிருந்த பிரதிகளிலிருந்து நீ வருடக்கணக்காகத் திரட்டியதை. "எரிக்க ஏலாத இடத்தில வைக்கோணும்" என்று நீ சொன்னதை. நாம் இருவரும் அந்தப் படங்களைச் சேமித்து வைக்கும் சின்ன மின்சுற்றுப் பலகையைச் செய்ததை, பச்சை குத்தும் உன் நண்பன் அதைத் தோலுக்குள் வைத்துத் தைத்ததை. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

பேட்டரி வேண்டுமென்று நீ எத்தனை நாள் என்னோடு சண்டை பிடித்தாய்! நான் விடவில்லை; வெளியிலிருந்து சார்ஜர் வைத்தால் மட்டும் விழிக்கும்படி செய்தோம். ஆனால் அங்கே என் வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள்? ஆஸ்பத்திரியில் தந்த உன் பை என் தோளில் இருந்தது. அதிலிருந்த பவர்பேங்க் வயர்லெஸ் சார்ஜரை உன் கையில் வைத்து அழுத்தினேன். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

என் போனில் அந்தப் பலகையின் வைஃபை வந்தது. 'கஜன்' என்று உன் பெயர்.

"பாருங்கோ ஐயா, இதை எடுத்தா உடன நிண்டுபோகும். உள்ள பேட்டரி இல்லை." எடுத்துக் காட்டினேன். பெயர் மறைந்தது. வைத்தேன். வந்தது. பெரியவர் தானும் ஒருமுறை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, வெட்டத் தேவையில்லை என்று தலையசைத்தார்.

உன் லப்டொப்பின் பாஸ்வேர்ட் உன்னோடு போய்விட்டதே. நீ திரட்டியதெல்லாம் வேறு எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பேன்? படங்களைப் போனுக்கு இறக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஒரு தடவை சார்ஜர் சற்று விலகியது, எல்லாம் அறுந்தது. பெரியவர் அதை வாங்கித் தன் உள்ளங்கையால் உன் கையோடு சேர்த்துப் பிடித்தார். வெளியே, கிரியை செய்ய வந்த ஐயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

முக்கால்வாசி வந்தபோது அம்மா சொன்னார்: "காணும், இவ்வளவும் போதும். பிள்ளையை விடு."

பெரியவர் கையை எடுத்தார். போனில் உன் பெயர் அணைந்தது. டொக்டர் சொன்னபோது நீ போகவில்லை அண்ணா. அந்த நிமிடத்தில்தான் போனாய்.

வந்தவற்றில் அம்மா அப்பாவின் கலியாணப்படம் ஒன்று இருக்கிறது. நேற்று அம்மா தன் கையை நீட்டி, "எனக்கும் ஒண்டு வைச்சு விடு" என்றார். விளையாட்டாகவா கேட்டார்? தெரியவில்லை.

வைக்கமாட்டேன். என் கையிலும் வைக்கமாட்டேன். வராமல் போனவற்றை ஒவ்வொரு வீடாக மறுபடி கேட்டு வாங்குவேன். எல்லாவற்றையும் எல்லா வீட்டுக்கும் அனுப்புவேன். இனி ஒரே இடத்தில், ஒரே ஆளிடம், எதையும் வைத்திருக்க விடமாட்டேன் அண்ணா.

உன்னோடு சண்டை பிடிக்கவென்றே பிறந்த தங்கச்சி,
நிலானி