நல்ல ரத்தத்தில் வந்த மஞ்சள்

சல்வடோர்,
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு

அன்பு மகள் ஜாசிராவுக்கு அம்மா எழுதுவது. ஆசி கேட்டிருந்தாய், தேவன் உன்னையும் குட்டி தியோவையும் காக்கட்டும். லிஸ்பனில் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், எனக்கு அசதிதான் தீரவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தியோவை முதல்முறையாகக் கூட்டிவரலாமா, நம் கால்வாய்த் தெரு பிள்ளைக்கு ஆகுமா, நீ சரி என்றால் டிக்கெட் போடுகிறேன் என்று கேட்டிருந்தாய். பதில் தள்ளிப்போனதற்குக் கோபிக்காதே. வா வா என்று இத்தனை வருஷம் உன் உயிரை எடுத்தவள் நான்தான். உன் அப்பா கடிதத்தைப் படித்த கையோடு வலை ஊஞ்சல் வாங்கிவந்து நீல அறையில் கட்டினார், பேரன் ஆடுமுன் தானே ஆடிப்பார்த்து ஒரு கொக்கியையும் பிடுங்கிவிட்டார். சுவரில் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆய்வகத்தில் இந்த முறை பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் வேலை உனக்குத் தெரிந்ததுதான், எலிக்காய்ச்சல் கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தை, அதன் மரபணுவைச் சாதுவான வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைச் செய்யவைத்து வாங்குகிறோம். அதைச் சுத்தம் செய்து குழித்தட்டில் பூசி மேலே ரத்தநீரை விட்டால், அந்தக் காய்ச்சல் கண்டவர் ரத்தம் குழியை மஞ்சளாக்கும், மற்றவர் ரத்தம் ஆக்காது. புதுப் புரதம் சரியா என்று பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமே, அதற்கு நாங்கள் வெளியே போவதில்லை. ஜூன் கடைசியில் யோவான் திருநாள் முடிந்து, தின்ற மக்காச்சோளமும் குடித்த பழ மதுவும் செரித்தபின் எல்லோரும் வரிசையாகக் கை நீட்டுவோம், அத்தனை பேர் ரத்தத்தையும் ஒன்றாகக் கலந்து "நல்ல ரத்தம்" என்று எழுதி ஒட்டிவிடுவோம். இந்த வருஷம் அந்த நல்ல ரத்தம் பளிச்சென்று மஞ்சளானது. புரதத்தில் அழுக்கு, செய்த பாக்டீரியாவின் எச்சம் ஒட்டியிருக்கிறது, அது இருந்தால் யார் ரத்தமும் மஞ்சளாகும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சுத்தம் செய்வது நான் என்பதால் கூட வேலை செய்யும் ஜெனிவாலுக்குக் கொண்டாட்டம், "அக்கா, கையக் கழுவிட்டு வந்தீங்களா, இல்ல மீன் வறுத்துட்டு அப்படியே வந்துட்டீங்களா" என்று போகும்போதும் வரும்போதும் சீண்டினான். அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்தேன், அதுவும் மஞ்சள். குளிரறையில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போனது, மூன்றாவதும் மஞ்சள் என்றபோது உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் எங்கள் தலைவி லிஜியாதான், கலக்காமல் ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனியாக விட்டுப்பாருங்கள் என்றார். எல்லாக் குழியும் தண்ணீர் மாதிரி இருந்தது, ஒன்று மட்டும் மஞ்சள். ஜெனிவால் குழாயில் இருந்த பெயரைப் படித்து, "புரதம் சுத்தமாத்தான் இருக்கு அக்கா, இது உங்க ரத்தம்" என்றான், அதற்குமேல் அவனுக்குக் கேலி வரவில்லை. எங்கள் புரதம் ஆராய்ச்சிக்கு மட்டும் என்பதால் லிஜியா என் ரத்தத்தை அரசு ஆய்வகத்துக்கு அனுப்பினார், அங்கேயும் அதேதான் சொன்னார்கள். மே மாதம் கால்வாய் பொங்கி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததே, நானும் அப்பாவும் தள்ளி வெளியேற்றினோமே, அதன்பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்து படுத்தேன், நின்று வேலை செய்யும் வலி என்று உனக்குக்கூடச் சொன்னேன். அது எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீர் தந்த எலிக்காய்ச்சல். இப்போது பயமில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அதே தண்ணீரில் நின்ற எதிர்வீட்டு டியோகோ ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை, அதையும் நான் உனக்கு எழுதவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது முதலில் எரிந்து விழுந்தார். "நாலு நாள் படுத்த, எந்திரிச்சிட்ட. அதுக்குப் போயி நான் கட்டுன வீட்ட குத்தம் சொல்றியா" என்றார். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது ஊஞ்சலை அவிழ்த்துச் சுருட்டிவைத்திருந்தார். எங்களுக்கு வேறு போக்கிடமில்லை, இந்த வீட்டை வாங்கவும் ஆளில்லை, பூட்ஸ் போட்டுக்கொண்டு இருந்துகொள்கிறோம். பிள்ளைக்கு இந்தத் தரை வேண்டாம். மேட்டுத் தெருவில் நெய்சா சித்தி ஒரு அறை ஒழித்துத் தருகிறாள், நீங்கள் இருக்கும்வரை நாங்களும் அங்கேயே இருப்போம்.

ஆகவே டிக்கெட் போடு. தியோவுக்கு மூடிய காலணி எடுத்துவர மறக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, தேவன் உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். ஊஞ்சலை அப்பா நேற்றே சித்தி வீட்டில் கட்டிவிட்டார். அவன் பிறந்த செய்தி வந்த அன்று அடித்த நீலம் நம் வீட்டு அறையில் அப்படியே இருக்கிறது, அவனிடம் அதைப் பற்றிச் சொல்லவேண்டாம். கேட்டால், பாட்டி தாத்தா வீடு மேட்டில் இருக்கிறது என்று சொல்லிவை.

உன் அம்மா
மரிலூசியா