மடங்க மறுக்கும் முட்டி

மார்ச் 4
வாடகைக்கு எடுத்த மெஷினைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள். இடது காலை அதில் கிடத்திக் கட்டினால் போதும், அதுவே மெதுவாக மடக்கும், நீட்டும். மழையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி அறுந்த முட்டித் தசைநார். வேறொன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதிக்கிற கால் இது. மடங்கினால்தான் நான் பஸ் டிரைவர்.

பிசியோ பெண் என் வீட்டுக்காரரிடம், “தினமும் கொஞ்சம் கொஞ்சமா அளவை ஏத்துங்க சார். அவங்க கத்துவாங்க, கண்டுக்காதீங்க” என்றாள். அவர் தலையாட்டினார். முடிதிருத்தும் கடையில் ஒரு குழந்தை அழுதாலே கத்தரியைக் கீழே வைத்துவிடுகிற மனுஷன்!

மார்ச் 7
தொடையில் பட்டைகளை ஒட்டி கரண்ட் விட்டாள் பிசியோ. தசை தவளை மாதிரி துள்ளுகிறது. நானாக இறுக்கப் பார்த்தால் — ஒன்றுமே இல்லை. என் கால்தானா இது?

மார்ச் 8
மெஷின் மடக்கும்போது தலையணையைக் கடித்தேன்.

மார்ச் 15
ஒரு வாரமாக அவ்வளவு வலி இல்லை. தேறிவிட்டேன் போலிருக்கிறது! அவரிடம் சொன்னேன். அவர் குனிந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பணிமனை மேலாளர் போன் செய்தார். “உங்க ரூட்டுக்கு ஆள் போட்டிருக்கேம்மா. தற்காலிகம்தான்.” அந்தத் தற்காலிகத்தை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார்?

மார்ச் 26
டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

“வீட்ல மெஷின் போடறீங்களா, இல்லையா?”

“தினமும் போடறோம் டாக்டர்.”

“அளவு எவ்வளவு?”

வீட்டுக்காரரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தான் குறைச்சு வெச்சேன். இவ பல்லைக் கடிக்கிற சத்தம்... என்னால கேக்க முடியல.”

அடுத்த மாதத்துக்குள் மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியிருக்குமாம். புதிய நாருக்கு அது ஆபத்து.

வீட்டுக்குள் வந்ததும் வெடித்தேன். “என் வலியத் தாங்கச் சொல்லி உங்கள யாரு கேட்டா? என் வேலை போனா அதைத் தாங்குவீங்களா?”

“நீ நிம்மதியா இருந்தியே...”

“ஏமாத்தித்தானே நிம்மதியா வெச்சீங்க!”

நான் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேனே. அப்போதும் வாயைத் திறக்கலையே இந்த மனுஷன்!

மார்ச் 27
நாத்தனாரை வரவழைத்தேன். மெஷினின் ரிமோட் அவள் கையில். “அழுதா அழுங்க அண்ணி. பக்கத்து வீட்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன்.” தெருவே கேட்கக் கத்தினேன். அவர் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 3
நாத்தனாருக்குக் காய்ச்சல், வரவில்லை. நானே காலைக் கட்டிக்கொண்டேன். ரிமோட் எட்டவில்லை. அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

“நான் போடட்டுமா?”

“குறைப்பீங்க.”

“மாட்டேன்.”

“கத்துவேன்.”

“கத்து.”

பிசியோ சொன்ன அளவு வரை ஏற்றினார். போதும் என்றேன். கெஞ்சினேன். கடைசியில் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக. அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. விரல் மட்டும் அசையவே இல்லை.

முடிந்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

ஏப்ரல் 19
கரண்ட் இல்லாமல் தொடை இறுகியது. நானே இறுக்கினேன்! மயக்கம் கொடுக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். பழையபடி முழுசா மடங்குமா என்று கேட்டேன். “பார்க்கலாம்” என்றார். அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

செப்டம்பர் 12
பணிமனையில் பரிசோதனை. குந்தி உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. வண்டியில் ஏற்றினார்கள். கிளட்ச் அடிவரை இறங்கியது, திரும்பவும் இறங்கியது. மைதானத்தைச் சுற்றி வந்தேன். மேலாளர் ‘திங்கட்கிழமை முதல் டூட்டி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் காத்திருந்த அவரிடம் தாளைக் கொடுத்தேன். “வலிச்சுதா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. “வலிச்சுது” என்றேன்.

“சரி” என்றார். கொஞ்ச தூரம் என் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்து வந்தார். பிறகு கேட்டார்: “திங்கக்கிழமை எத்தன மணிக்கு எழுப்பணும்?”