கல்லில் விட்டுப்போன ‘க்’

டீச்சர், உங்களால் நேற்று என் வீட்டில் ரகளை. துவைக்கப் போட்ட என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பையில் சிவப்பாக ஒரு கறை. என் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். “இன்னாயா இது, லிப்ஸ்டிக்கா?” ஐம்பத்து மூன்று வயதில், இந்தத் தொப்பையோடு, என்மேல் இப்படி ஒரு சந்தேகமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சிவப்புச் சாக்பீஸ் என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. “டீச்சராட்டம் நீயும் வச்சிக்கினு சுத்தறியா?”

உங்கள் கைப்பையில் பைபிளுக்கும் குடைக்கும் நடுவே எப்போதும் ஒன்று இருக்கும். ஒரகடம் சாலையில் கம்பெனிகள் முளைத்த வருஷங்கள் அவை. நானும் நிலத்தை விற்று, மாடியில் நாலு ரூம் போட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்களை எதிர்பார்த்துச் சுவரில் எழுதிவைத்தேன்: ‘பேச்சிலர்களுக்கு ரூம் வாடகைக்கு கிடைக்கும்.’ மறுநாள் காலை, பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிட்டு நீங்கள் அதன்முன் நின்று, ‘வாடகைக்கு’ பக்கத்தில் ஒரு ‘க்’ போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“அது இல்லாட்டி ரூம் கிடைக்காதா டீச்சர்?”

“ரூம் கிடைக்கும் செக்ரட்டரி சார். உங்க மானம் கிடைக்காது.”

சர்ச்சிலும் விட்டீர்களா? முதல் மணி அடிக்கும் முன்பே இரண்டாம் பெஞ்சில் இருப்பீர்கள். முட்டிவலி, காய்ச்சல், எதுவும் உங்களை வீட்டில் நிறுத்தியதில்லை. சபைச் செயலாளர் என்ற கம்பீரத்தில் நான் வாசித்துவிட்டு வைக்கும் அறிவிப்புத் தாள், ஆராதனை முடிந்ததும் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகளோடு என் கைக்குத் திரும்பி வரும்.

“ஆண்டவருக்குப் புரியாதா டீச்சர்?”

“அவருக்குப் புரியும். பின்னாடி பெஞ்சுல என் அஞ்சாங்கிளாஸ் உக்காந்திருக்கே, அதுக்கு?”

படுக்கையில் விழுந்த பிறகும் நீங்கள் மாறவில்லை. “என் கல்லறைக் கல்லுக்கு நீங்கதான் எழுதித் தரணும். ஒரு ஒற்று விட்டீங்கன்னா, எழுந்து வந்துடுவேன்.” நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. “சத்தியமெல்லாம் பண்ண வேணாம். வாக்கு மட்டும் குடுங்க.” கொடுத்தேன்.

உங்கள் கல்லறைக் கல்லைத் திறந்த அன்று துணியை விலக்கியதும் நான் முதலில் பார்த்தது உங்கள் பெயரை அல்ல. ‘முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு கற்றுக்கொடுத்தார்.’ “இங்க ஒரு எழுத்து...” என்று பாஸ்டர் இழுப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. “கல்லு வெட்டறவரு கோட்டை விட்டுட்டாரு பாஸ்டர்.” ஓரமாக நின்றிருந்த கல் வெட்டுகிறவரைச் சபையே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து, அவருக்கு நான் எழுதிக் கொடுத்த தாளின் நகலைத் தேடி எடுத்தேன். அதிலும் ‘க்’ இல்லை.

அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை டீச்சர். ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்த இடைவெளிதான் தெரிகிறது. இரண்டு முறை அவர் பட்டறைவரை போய், அம்மிக்கல் விலை விசாரித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை ஒன்றை வாங்கியும் விட்டேன்.

ஒரு ஞாயிறு கல்லறைக்குப் போனால், அந்த இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு ‘க்’. தூக்கிவாரிப் போட்டது. எழுந்து வந்துவிட்டீர்களோ! செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களே, அந்த மழை அதைக் கழுவிவிட்டது. இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு ‘க்’, வேறு கையெழுத்தில். மூன்றாம் முறை என் பங்காக இருக்கட்டும் என்று நானும் சாக்பீஸ் வாங்கினேன். ஆனால் சாக்பீஸா என் வியாதிக்கு மருந்து? போன வாரம் பட்டறைக்குப் போய், அம்மிக்கல் பக்கம் திரும்பாமல் சொல்லிவிட்டேன்.

“தப்பு என்னுது. உங்க மேல போட்டுட்டேன்.”

அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. “தெரியும் சார். உங்க தாளு எங்கிட்டதான கீது.”

“அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“டீச்சர் கல்லாண்ட நின்னுகினு சண்ட போட சொல்றியா சார்? அவங்ககிட்ட அஞ்சாவது படிச்சவன் நானு. வெட்டி முடிச்சப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. மொத தபா சாக்பீஸ் வச்சது நான்தான். ரெண்டாவது யாரோ, தெரியல.” கொஞ்ச நேரம் தட்டினார். “சின்னதா வெட்டி வுட்றலாம். எப்ப வரட்டும்?”

“சபைல உண்மையைச் சொல்லிட்டு வந்து கூப்பிடறேன்.”

வருகிற ஞாயிறு அறிவிப்பில் அதை வாசிக்கப்போகிறேன். என் பிழை, என் பொய், அவர் குனிந்த தலை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். திருத்தித் தர இரண்டாம் பெஞ்சில் ஆள் இல்லை. அதனால் நானே நாலு தடவை படித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஐந்தாம் தடவை முதல் வரியிலேயே கண் நின்றது: ‘சபையாருக்கு தெரிவிப்பது.’

இன்று போட்டிருப்பது வேறு சட்டை. சாக்பீஸுக்காகப் பையில் கையை விட்டேன். இருந்தது.